வாசலைப் பார்த்த சறுக்குமரம்

புதுச் சறுக்குமரம் நட்டு பத்தொன்பது நாள் ஆகியும் அதில் ஒரு பிள்ளைகூட ஏறவில்லை. ஏன் என்று அதைச் செய்தவருக்கே விளங்கவில்லை.

பிள்ளைகள் ஏறவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரும்பு சொன்னது. எவர்சில்வர் தகட்டில் பிள்ளைகள் சறுக்கினால், கால்சட்டைப் பொத்தானும் செருப்பில் ஒட்டிய மண்ணும் நடுவில் மயிரிழை மயிரிழையாய்க் கோடு போடும். ஒரு வாரத்தில் நடுப்பகுதி மங்கி, ஓரம் மட்டும் பளபளக்கும். இங்கே நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசமே இல்லை. கீழே கொட்டிய மணலில் ஒரு குழி விழவில்லை. ஏணியின் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

அவருக்குக் கேட் செய்யும் வெல்டிங் பட்டறை. ஊரில் எல்லாருக்கும் அவர் பட்டறைக்காரர். பள்ளிக்கூடம் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நாற்பது பிள்ளைகள், நான்கு அறைகள், ஒரு பெரிய மண் முற்றம். மதியம் இரண்டரைக்கு மேல் அங்கே யாரும் சுவருக்குள் உட்கார்வதில்லை. எறும்பு எந்த வழியாகப் போகிறது, எந்த இலையைப் புழு தின்கிறது, நிழல் எவ்வளவு நீளம் என்று வெளியே திரிவதுதான் பாடம். அவருடைய ஒரே மகள் ஒன்றாம் வகுப்பு. உருண்டையாய், துள்ளித் துள்ளி நடப்பதால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் பட்டாணி.

சறுக்குமரம் அவளுக்காகத்தான். பள்ளிக்கு அன்பளிப்பாகச் செய்து கொடுத்தார். பதினோரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு கூர்முனைகூட இல்லாமல் ஓரங்களை உருட்டி, தகட்டை முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தார்.

தினமும் காலை ஏழு மணிக்கு, பட்டறை திறக்கும் முன், போய்ப் பார்த்தார். படி உயரம் அதிகமோ? அளந்தார், பட்டாணியின் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. சரிவு செங்குத்தோ? கோணமானியை வைத்தார், முப்பத்தைந்து பாகை, சரியான அளவு. ஆடுகிறதோ? தொங்கிப் பார்த்தார், அவர் எடைக்கே அசையவில்லை. தானே ஏறிச் சறுக்கினார். வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. எழுந்து பின்புறம் தட்டிக்கொண்டு, “இதுல என்னடா குறை?” என்று சிலந்தியைக் கேட்டார்.

இருபதாம் நாள் பொறுமை போய்விட்டது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் போனார்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. சறுக்குமரம் வெயிலில் தன்னந்தனியாய் மின்னிக்கொண்டிருந்தது. கூச்சல் எல்லாம் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டி ஒதுக்கிய மண், ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து, மழையில் இறுகி மேடாகிக் கிடந்தது. நாற்பது பிள்ளைகளும் அதன்மேல்தான் இருந்தார்கள். எப்போதும் தொப்பியோடு திரிவதால் தொப்பி என்றே பெயராகிவிட்ட ஒரு பையனும் இன்னும் சிலரும் சுரங்கம் தோண்டினார்கள். சிலர் மேலிருந்து தண்ணீர் ஊற்றி, அது எந்த வழியாக இறங்குகிறது என்று பந்தயம் கட்டினார்கள். பட்டாணி ஒரு பழைய அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சரேலென்று சறுக்கி வந்தாள்.

சறுக்கி வந்தாள்! அட்டைப்பெட்டியில்! அவருக்குச் சுருக்கென்றது.

“ஏன்டா, அங்க தங்கமாட்டம் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன், குப்பைமேட்டுல என்னடா பண்றீங்க?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதையும் எண்ணாமல் விடமாட்டாள் என்பதால் கணக்குப்பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒரு பெண் வாயைத் திறந்தாள். பட்டாணி அவள் கையை அழுத்தினாள். வாய் மூடிக்கொண்டது.

டீச்சர் வேகமாக வந்தார். “சார், இப்போ வேணாம் சார். சாயங்காலமா ஏறட்டும்...”

“எதுக்கு டீச்சர் சாயங்காலம்? பள்ளிக்கூடம் விட்டப்புறம் யாரு ஏறுவா, காக்காயா?” எல்லாரையும் முன்முற்றத்துக்கு அழைத்துப்போய்த் தகட்டின்மேல் உள்ளங்கையைப் பதித்தார். லேசாக வெதுவெதுப்பு, அவ்வளவுதான். “வாங்கடா. யாரு முதல்ல?”

யாரும் வரவில்லை.

“பயந்தாங்கொள்ளிப் பட்டாளம்! இம்மாந்துண்டு உயரத்துக்கே நடுங்குறீங்களே. மண்ணைக் கிளறுறதுக்குக் கோழி போதும்டா, பள்ளிக்கூடம் எதுக்கு?” பிறகு சிரித்துக்கொண்டே திரும்பினார். “பட்டாணி, நீ ஏறும்மா. பட்டறைக்காரன் பொண்ணுன்னா யாருன்னு காட்டு.”

பட்டாணி ஏறினாள். உச்சியில் உட்கார்ந்ததும் கவுனை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துக் காலுக்கு அடியில் செருகினாள். அது தொடைக்கு எட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சறுக்கினாள்.

கீழே வந்து எழுந்து நின்றாள்.

“எப்படி?”

“நல்லா இருக்குப்பா.”

அவர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. பட்டாணி நேராகக் குழாயடிக்குப் போனாள். அங்கே தண்ணீர் சிந்திச் சேறாய்க் கிடந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். டீச்சர் பின்னாலேயே ஓடினார். ‘பார்த்தியா, மறுபடி மண்ணுக்கே போயிட்டா’ என்று சிரித்துக்கொண்டு அவர் பட்டறைக்குத் திரும்பினார். வழியில் யாரையோ பார்த்து, பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் தைரியமே கிடையாது என்றுகூடச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி குளியலறை வாசலில் நின்றிருந்தாள். கோபமாக இருந்தால் அவள் கத்துவாள். அன்று கத்தவில்லை.

“உள்ள வந்து பாருங்க.”

பட்டாணி வாளியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இரண்டு தொடையின் பின்பக்கமும் செவசெவவென்று கன்றியிருந்தது. இடது தொடையில் அவரைக்கொட்டை அளவுக்கு இரண்டு கொப்புளம்.

“என்னது இது? எப்படி ஆச்சு?”

“என்னைக் கேட்டா?” என்றாள் மனைவி. “டீச்சரு கொண்டுவந்து விட்டுட்டு, ஒரு மணி நேரம் தண்ணியில நனைச்சு நனைச்சு ஈரத்துணி வெச்சுட்டு, ஆஸ்பத்திரிக்கும் கூட வந்துட்டுப் போனாங்க. மருந்து குடுத்திருக்காங்க. பத்து நாள்ல ஆறிடுமாம். ஊருக்கெல்லாம் கேட் செய்றீங்க, அந்தச் சறுக்குமரத் தகடு வெயில்ல யாரைச் சுடும்னு பாக்க மாட்டீங்களா?”

“நான் தொட்டுப் பாத்தேனே...”

“எதால தொட்டீங்க?”

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷம் சூட்டு இரும்பைப் பிடித்துப் பிடித்துச் செருப்புத்தோல்போல் ஆன கை. தீப்பொறி விழுந்தால்கூட ஊதிவிட்டு வேலையைப் பார்க்கிற கை. மற்றவர் துணி சுற்றிப் பிடிக்கும் கம்பியை வெறுங்கையால் எடுப்பதைப் பட்டறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தக் கையை நம்பித்தான் ஆறு வயதுத் தோலை அந்தத் தகட்டில் உட்கார வைத்திருந்தார்.

பட்டாணி குப்புறப் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“சுடுதுன்னு ஏம்மா சொல்லல?”

“நீ கைதட்டினியே.”

“அதுக்கு முன்னாடி?”

அவள் தலையணையோடு பேசினாள். “முதல் நாளே ஏறப் போறப்ப தகடு பட்டுத் தொப்பிக்குக் காலு சுட்டுருச்சு. கணக்குப்பிள்ளைக்கும். எல்லாரும் உன்கிட்ட சொல்றேன்னாங்க. நான்தான் வேணாம்னேன். எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்.”

“எதுக்கு?”

“உனக்கு வெக்கமா இருக்கும்ல?”

அவருக்கு முகமெல்லாம் கொதித்தது. நாற்பது பிள்ளைகள், இருபது நாள், வாயைப் பொத்திக்கொண்டு அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களைத்தான் பயந்தாங்கொள்ளி என்றார். அவர்களுக்கு முன்னால்தான், எல்லாம் தெரிந்த இந்தக் குழந்தையை ஏற்றிவிட்டார். அவளும் அவருக்காகவே ஏறினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கே ஸ்பானர் பையோடு பள்ளிக்கூடத்தில் இருந்தார். பிள்ளைகள் வருவதற்குள் கழற்றி வண்டியில் ஏற்றிவிட வேண்டும். கேட்டால் ‘ரிப்பேர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான்கு போல்ட்டில் இரண்டு கழன்றிருந்தபோது பின்னால் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.

“சார்,” என்றார் டீச்சர். “பட்டாணி எப்படி இருக்கா?”

“தூங்குறா.” அவர் நிமிரவில்லை. “ஏன் டீச்சர், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லத்தான் ரெண்டு தடவை பட்டறைக்கு வந்தேன். ஒரு தடவை நீங்க கேட் வாங்க வந்தவங்ககிட்ட இதோட போட்டோவைக் காட்டிட்டு இருந்தீங்க. இன்னொரு தடவை எனக்கே காட்டினீங்க. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? மதியம் யாரும் ஏறக்கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட மட்டும் சொன்னேன். நேத்து நீங்க அவளை ஏறச் சொன்னப்போ நான் கத்தியிருக்கணும். கத்தல. ராத்திரி எனக்கும் சோறு இறங்கல.”

ஸ்பானர் அவர் கையிலேயே நின்றது. டீச்சர் தொடர்ந்தார். “கழட்டிக்கோங்க சார். ஆனா பிள்ளைங்க வந்ததும், நாம சத்தியத்தை மீறிட்டோம், அதனாலதான் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு நினைப்பாங்க. பட்டாணி, தன்னாலதான்னு நினைப்பா. அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க.”

வழி ஒன்றுதான் இருந்தது. அது அவருக்கும் தெரிந்தது. கழற்றிய போல்ட்டுகளை மறுபடி முறுக்கினார். ஏணியின் குறுக்கே ஒரு கயிறு கட்டினார்.

மூன்று மணிக்கு வந்தார். பட்டாணியும் வருவேன் என்று அடம்பிடித்ததால், மனைவி அவளைத் தொடையில் கை படாமல் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். நாற்பது பிள்ளைகளும் மேட்டில் ஏறி வரிசையாய் உட்கார்ந்தார்கள். கேட் வாங்க வருகிறவர்களிடம் மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினார்.

“நேத்து உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்.”

பிள்ளைகள் திரும்பிப் பட்டாணியைப் பார்த்தார்கள்.

“தப்பு. என் கை மரத்துப்போன கை. அதுக்குச் சூடு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் எனக்காகப் பேசாம இருந்தீங்க. நான் உங்களைத் திட்டினேன். பட்டாணியைச் சுட வெச்சேன். மன்னிச்சிருங்க.” இன்னொன்று மிச்சம் இருந்தது. அது இன்னும் கசந்தது. “டீச்சர் இதைப் பின்பக்கம் வெக்கத்தான் சொன்னாங்க. நான்தான் வாசலைப் பாத்து வெச்சேன். ரோட்டுல போறவங்க பாத்து, யாரு செஞ்சதுன்னு கேக்கணும்னு.”

கணக்குப்பிள்ளைதான் முதலில் பேசினாள். “அப்ப சத்தியம் முடிஞ்சுதா மாமா? இனி சொல்லலாமா?”

“சொல்லும்மா.”

“பதினொண்ணு!” என்றாள் ஒரே மூச்சில், இருபது நாளாய் அடக்கி வைத்திருந்ததுபோல.

“என்ன பதினொண்ணு?”

நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். கையை நனைத்துத் தகட்டில் ஓர் அச்சுப் பதித்தாள் கணக்குப்பிள்ளை. எல்லாரும் எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு... விரல்கள் முதலில் மறைந்தன, பிறகு உள்ளங்கை. பதினொன்றில் தகடு காய்ந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே இந்த வேலைதான் நடந்திருக்கிறது. ஈரம் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சூடு. ஈரக்கையைப் பட்டதும் எடுத்துவிடுவதால் சுடுவதும் இல்லை. நூற்றுக்கு மேல் எண்ணும்வரை அச்சு நின்றால் உட்காரலாம் என்று அவர்களே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

“காலையில எவ்வளவு?” என்று கேட்டார் அவர், வெட்கத்தை ஒரு நொடி மறந்து.

“ஏழு மணிக்கு எண்ணினா இருநூத்திப் பத்து. நீங்க அப்பதானே வருவீங்க?” என்றான் தொப்பி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு உரியதுதான் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மதியம், மிச்சம் கிடந்த அதே தகட்டில் ஒரு முழத்துண்டும், அதே சரிவில் அதை நிறுத்த ஒரு மரச்சட்டமும் கொண்டுவந்தார். பிள்ளைகள் இடம் காட்டினார்கள், அவர் வைத்தார், அரை மணி காத்திருந்து கணக்குப்பிள்ளை எண்ணினாள். வாசலைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து: பதினொன்று. அதே இடத்தில் கிழக்கே திருப்பி: நாற்பத்தெட்டு.

இடம் மாறவில்லை, முகம்தான் மாறியது. அதற்கே இவ்வளவு வித்தியாசமா? டார்ச் விளக்கைச் சுவரில் நேராகப் பிடித்தால் வெளிச்சம் சின்ன வட்டமாய்ப் பளிச்சென்று விழும். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் நீளமாய்ப் பரந்து மங்கிவிடும். மூன்று மணிச் சூரியன் மேற்கே பாதி இறங்கி நிற்கிறது. மேற்கே முப்பத்தைந்து பாகை சாய்ந்த தகடு அதற்கு நேருக்கு நேர் முகம் காட்டுகிறது. பிள்ளைகள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, வெயிலை முழுக்க வாங்கிக்கொள்ளும் கோணத்தில் ஒரு பொருளை நிறுத்த வேண்டுமானால், அவர் நிறுத்தியதைவிடத் துல்லியமாக நிறுத்த முடியாது. மெருகும் உதவவில்லை. பளபளப்பு வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் உள்ளே வந்துவிட்ட சூட்டை லேசில் வெளியே விடாது. வெல்டிங் செய்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். வாசலில் போகிறவர்களின் கண்ணைப் பற்றி யோசித்ததில் சூரியனைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்.

“நாப்பத்தெட்டு பத்தாது,” என்றாள் பட்டாணி. அன்றும் கூட வந்திருந்த அம்மாவின் தோளிலிருந்து முதன்முறையாகப் பேசினாள். “நூறு வேணும்.”

“அப்ப எங்க வெக்கலாம்?”

அவள் மண்மேட்டைக் காட்டினாள். தன்னைச் சுட வைத்ததை அவள் மன்னித்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. தகட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

கட்டடத்தின் கிழக்கே இருந்தது மேடு. சூரியன் மேற்கே இறங்க இறங்கக் கட்டடத்தின் நிழல் கிழக்கே நீளும். இரண்டரைக்கே மேடு முழுக்க நிழலுக்குள் வந்துவிட்டிருந்தது. அங்கே தகட்டை வைத்து எண்ணினார்கள். நூறு வந்தது. இருநூறு வந்தது. முந்நூற்று இருபதில் கணக்குப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அச்சு இன்னும் இருந்தது.

“வருஷம் பூரா நிழல் இருக்குமா?” என்று கேட்டார் அவர்.

டீச்சர் உள்ளே போய் ஒரு தடித்த நோட்டை எடுத்துவந்தார். ஒவ்வொரு மாதமும் பிள்ளைகள் இரண்டரை மணி நிழலைக் காலடியால் அளந்து வரைந்த படங்கள் அதில் இருந்தன. பன்னிரண்டு பக்கம். எல்லாவற்றிலும் குட்டையான நிழல் சுவரிலிருந்து பெரியவர் காலடியில் பன்னிரண்டு. சறுக்குமரத்தின் நீளம் பத்துக் காலடி. மண்ணைக் கிளறுவதற்குக் கோழி போதும் என்று இந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொன்னார். நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“பட்டாணி,” என்றார், பக்கத்தில் போய். “நீ சொன்ன இடம்தான் சரி. என்மேல கோவமாம்மா?”

அவள் யோசித்தாள். “ஆமா,” என்றாள். பிறகு, “கொப்புளம் ஆற வரைக்கும்,” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. நான்கு காலையும் ஏணியையும் அறுத்து எடுத்துவிட்டார். தகட்டை மட்டும் மண்மேட்டின் கிழக்குச் சரிவில், முதுகு முழுக்க மண்ணில் படியும்படி கிடத்தி, இரண்டு பக்கமும் மண் அணைத்து இறுக்கினார். மேலே ஏற மேட்டிலேயே மண்படி வெட்டினார். உச்சி சுவர் பக்கம், அடி சுவரிலிருந்து பதினோராவது காலடியில். வருஷத்தின் குட்டையான நிழலுக்குள்ளும் தகடு முழுக்க அடங்கும். கீழே மண் இருப்பதால் காலை வெயிலில் ஏறிய சூடும் மதியத்துக்குள் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஏணி இல்லாததால் விழுவதற்கு உயரமும் இல்லை. வாசலிலிருந்து பார்த்தால் சறுக்குமரம் தெரியாது. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஈரக்கை அச்சு முந்நூற்று நாற்பது எண்ணும்வரை நின்றது. பிள்ளைகள் மண்படியில் வரிசையாய் ஏறினார்கள்.